தையலுக்கும் குயில்ட்டுக்கும் வீட்டில் ஓர் அயர்ன் மேசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தையல் கற்றுக்கொள்ள வருபவர்களும், மிச்சத் துணிகளை இணைத்துக் குயில்ட் போர்வை தைக்கத் தொடங்கியவர்களும் என்னிடம் மெஷினைப் பற்றிக் கேட்பதைவிட அயர்ன் செய்யும் இடத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, துணி தைக்கிறதுக்குத் தனியா ஒரு அயர்ன் மேசை எதுக்கு? கட்டில் மேல போர்வை விரிச்சுத் தேய்ச்சா போதாதா?

உடுத்துவதற்காகத் தேய்க்கும்போது சுருக்கம் போனால் போதும். தைக்கும்போது தேய்ப்பதன் நோக்கம் வேறு. தைத்த நூலைத் துணிக்குள் அமுக்க வேண்டும், தையல் ஓரத்தை ஒரு பக்கமாகப் படுக்கவைக்க வேண்டும், வெட்டிய துண்டின் அளவு மாறாமல் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் கீழிருந்து எதிர்த்து நிற்கும் கெட்டியான தளம் வேண்டும். மெத்தை அமுங்கிக்கொடுக்கும். அயர்ன் பெட்டியின் எடை பஞ்சுக்குள் இறங்கிவிடும், தையல் பாதிதான் அமரும், அழுத்திய இடத்தில் துணி குழியாகி அளவும் கோணும்.

ஆபத்தும் இருக்கிறது. கட்டிலில் பெட்டியை நிமிர்த்தி வைத்தால் சாயும். இலவம்பஞ்சு மெத்தையோ ஃபோம் மெத்தையோ, உள்ளே தீப்பிடித்தால் வெளியே தெரிய நேரமாகும்.

சரி, அப்போ நல்ல தளம்னா எப்படி இருக்கணும்? சுருக்கமா சொல்லுங்க.

அடியில் கெட்டியான, சமமான பலகை. அதன் மேல் மெல்லிய மெத்தை. பருத்தியோ கம்பளியோ மட்டும். அதற்கு மேல் இழுத்துக் கட்டிய வெளிர் நிறப் பருத்தித் துணி. பலகையின் உயரம் உங்கள் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே. இவ்வளவுதான்.

மெத்தை தடிமனாக இருந்தால் நன்றாகத் தேயும் என்று பலர் நினைக்கிறார்கள். தையலுக்கு அது நேர்மாறு. அதற்காக மெத்தையே இல்லாத வெறும் பலகையும் ஆகாது. வெறும் பலகையில் தேய்த்தால் உள்ளே மடிந்திருக்கும் தையல் ஓரம் மேல்பக்கத்தில் கோடாகத் தெரியும், கறுப்பு, நீலம் போன்ற துணிகளில் பளபளப்பு ஏறும். தையலின் மேடு கீழே கொஞ்சமாகப் புதைவதற்கு இடம் கொடுக்கும் அளவுக்கு மெத்தை இருந்தால் போதும். கால் அங்குலம் என்பது என் கணக்கு.

கடையில விக்கிற மடக்கு அயர்ன் போர்டு ஏற்கனவே வீட்ல இருக்கு. அது ஆகாதா?

சட்டை, சுடிதார், பிளவுஸ் கைக்கு அது நல்லதுதான். கூம்பிய முனையை பிளவுஸுக்குள் நுழைத்துத் தோள்பட்டையைத் தேய்க்கலாம். தட்டையான மேசையில் அது நடக்காது. தூக்கிப் போடாதீர்கள்.

குயில்ட்டுக்குத்தான் இடிக்கிறது. பெரும்பாலான போர்டுகள் 12 முதல் 15 அங்குல அகலம்தான். பருத்தித் துணியோ 44 அங்குலப் பன்னாவில், அதாவது அகலத்தில், வருகிறது. ஒரு மீட்டர் துணியைத் தேய்க்க மூன்று முறை நகர்த்த வேண்டும். தேய்த்த பகுதி கீழே தொங்கி மறுபடி சுருங்கும். கால்களும் ஆடும். மேல்தளம் கம்பி வலையாக இருந்து உறையும் மெலிந்துபோயிருந்தால், வலையின் அச்சு துணியில் அப்படியே விழும்.

அதையே வைத்துச் சமாளிக்க ஒரு வழி உண்டு. போர்டின் மேல் வைக்கிற மாதிரி செவ்வகப் பலகை ஒன்று செய்து, அடிப்பக்கம் போர்டின் இரு ஓரங்களையும் அணைத்துப் பிடிக்கும்படி இரண்டு மரச்சட்டங்களை ஆணியடித்துவிடுங்கள். வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றிச் சுவரில் சாய்க்கலாம். ஆனால் ஓரத்தில் கையூன்றினால் கவிழும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த ஏற்பாட்டை நான் சொல்வதில்லை.

பலகை என்ன அளவு, என்ன மரம்? பிளைவுட் கடைக்குப் போனா தலை சுத்துது.

2 அடிக்கு 4 அடி. பிளைவுட் ஷீட் பொதுவாக 8 அடிக்கு 4 அடியில் வரும். ஒரு ஷீட்டில் இந்த அளவில் நான்கு பலகை கிடைக்கும். முழு ஷீட் வாங்க வேண்டியதில்லை. பல கடைகளில் வெட்டியது போக மீந்த துண்டுகளை ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள், கேட்டால் எடுத்துத் தருவார்கள். 4 அடி என்றால் 48 அங்குலம். 44 அங்குலத் துணியின் அகலமும், சேலையின் அகலமும் அதில் அடங்கிவிடும்.

தடிமன் 18 மில்லிமீட்டர் என்றால் எக்காலத்துக்கும் வளையாது, ஆனால் பலகை எட்டு ஒன்பது கிலோ வரும். தினமும் எடுத்து வைக்க வேண்டிய வீடென்றால் 12 மில்லிமீட்டர் போதும், ஆறு கிலோவுக்குள் முடியும். தண்ணீர் தெளித்துத் தேய்ப்பதால் ஈரம் தாங்கும் ரகமாகக் கேளுங்கள். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது மெரைன் பிளைவுட். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் ஐ.எஸ். 303-இல் பி.டபிள்யூ.ஆர்., அதாவது கொதிநீர் தாங்கும் ரகம் போதும். மரநாரை அமுக்கிச் செய்த எம்.டி.எஃப். பலகையும், மரத்துகளை அமுக்கிச் செய்த பார்ட்டிக்கிள் போர்டும் வேண்டாம். நீராவி பட்டால் ஓரத்தில் ஊதி, பிறகு சமமாகவே ஆகாது. மேலே மைக்கா ஒட்டிய பழைய கதவுப் பலகையும் வேண்டாம். ஈரம் கீழே இறங்க வழியில்லாமல் மெத்தையிலேயே தேங்கும்.

வாங்கும்போது பலகையைக் கண் மட்டத்துக்குத் தூக்கி நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள். வில் போல் வளைந்திருந்தால் உடனே தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான்கு ஓரங்களையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். சிலாம்பு நின்றால் உறையைக் கிழித்துவிடும்.

சமையலறை கிரானைட் மேடை மேலயே போர்வை போட்டுத் தேய்க்கலாமா? உயரம் சரியா இருக்கே.

உயரம் சரி, கெட்டி சரி, சமமும் சரி. ஆனால் கிரானைட் சூட்டை உறிஞ்சும். நீராவி கீழே இறங்கிக் குளிர்ந்த கல்லில் பட்டுத் தண்ணீராகி, போர்வையின் அடிப்பக்கம் நனைந்துபோகும். பத்து நிமிடம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் கல்லில் வியர்வை பூத்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் தூளும் இருக்கும் இடம் வேறு. எப்போதாவது என்றால் கல்லின் மேல் பலகையை வைத்து, அதன் மேல் தேய்க்கலாம்.

கண்ணாடி போட்ட டைனிங் டேபிளில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே இடத்தில் சூடேறினால் கண்ணாடி விரிசல் விடலாம்.

மெத்தைக்கு என்ன போடணும்? பழைய போர்வை போதுமா, கம்பளி வாங்கணுமா?

நல்ல பருத்திப் போர்வை போதும். சென்னிமலைப் போர்வையை நன்றாகத் துவைத்து நான்காக மடித்துப் போட்டால் கால் அங்குலம் வந்துவிடும். முனை மடிப்புகள் பலகையின் நடுவில் வராமல் பாருங்கள். வந்தால் அந்தக் கோடு தேய்க்கும் துணியில் ஏறும். பவானி ஜமக்காளமும் போடலாம், ஆனால் அதில் நெசவு மேடுகள் இருக்கும். அடியடுக்காக மட்டும் போட்டு மேலே மெல்லிய போர்வை ஒன்றை விரியுங்கள்.

கம்பளி இன்னும் நல்லது. ஆட்டு ரோமத்துக்கு இரண்டு குணம் உண்டு. அமுக்கினால் எழும்பி வரும், ஈரத்தையும் சூட்டையும் பிடித்து வைக்கும். மேலிருந்து பெட்டி, கீழிருந்து கம்பளியின் சூடு என்று தையல் இருபுறமும் அமர்கிறது. பழைய கறுப்புக் கம்பளி வீட்டில் இருந்தால் அதுவே போதும். அரிப்பு அதைப் போர்த்துபவருக்குத்தான், பலகைக்கு இல்லை.

போடக்கூடாதவை: ஃபோம், ரெக்ஸின், யோகா பாய், பாலியஸ்டர் பஞ்சு ஷீட், மின்க் போர்வை.

கடைக்காரர் கம்பளின்னுதான் சொன்னார். பாலியஸ்டரா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஓரத்திலிருந்து நான்கைந்து இழைகளை உருவிச் சேர்த்து முறுக்குங்கள். இடுக்கியில் பிடித்து, சிங்க் தொட்டிக்கு மேலே வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். உண்மையான கம்பளி என்றால் சிடுசிடுவென்று மெதுவாக எரிந்து, தீயை எடுத்ததும் அணைந்துவிடும், முடி கருகிய நாற்றம் வரும், மிச்சத்தை விரலால் நசுக்கினால் கரித்தூளாக உதிரும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, சாம்பல் நரைநிறம். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருண்டு ஓடும், உருகிச் சொட்டும், ஆறினால் கறுப்பு மணியாக இறுகும், நசுக்க முடியாது. கலப்பு நூலில் இரண்டும் சேர்ந்து தெரியும். மணி கட்டினால் மெத்தைக்கு அது வேண்டாம்.

பருத்திக்கான சூட்டில் பெட்டியின் அடித்தட்டு 200 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பாலியஸ்டர் உருகுவது சுமார் 255 டிகிரியில்தான் என்றாலும், அதற்கு முன்பே இளகிச் சுருங்கத் தொடங்கிவிடும். தெர்மோஸ்டாட் பழசான பெட்டிகள் குறித்த அளவைத் தாண்டியும் சூடாகும்.

மேல் உறைக்கு எந்தத் துணி? பூப்போட்ட காட்டன் அழகா இருக்குமே.

அழகாக இருக்கும், ஆனால் சாயம் விடும். ஈரமும் சூடும் சேரும்போது உறையின் சாயம் வெள்ளைத் துணியில் ஏறினால் எடுப்பது கஷ்டம். வெளுக்காத காடாத் துணிதான் என் பரிந்துரை. கெட்டியான ரகமாகப் பார்த்து எடுங்கள். டிரில் துணியும் நல்லது. பழைய எட்டு முழ வேட்டியை இரட்டையாக மடித்தும் போடலாம். அது மென்மை, ஆனால் சீக்கிரம் நைந்துவிடும்.

2-க்கு 4 அடிப் பலகைக்கு, நான்கு பக்கமும் 4 அங்குலம் மடித்துவிட 32 அங்குல அகலமும் 56 அங்குல நீளமும் தேவை. ஒன்றரை மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். முதலில் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நன்றாகச் சுருங்க விட்ட பிறகே வெட்டுங்கள். காடாத் துணியில் இருக்கும் நெசவுக் கஞ்சியும் அப்போது போய்விடும். துவைக்காமல் போட்டால் அந்தக் கஞ்சி சூட்டில் மஞ்சளாகிப் பெட்டியின் அடியில் ஒட்டும்.

உறையை ஒட்டுறதா, ஆணி அடிக்கிறதா?

ஒட்ட வேண்டாம். ஃபெவிகால் சூட்டில் இளகும், உறையைக் கழற்றவும் முடியாது. ஸ்டேப்ளர் கன் இருந்தால் பலகையைக் குப்புறப் போட்டு, நீளப் பக்கத்தின் நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒன்று என்று தொடங்கி முனைகளை நோக்கிப் போங்கள். ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டே போனால் துணி கோணலாக இழுபடும். முனைகளைப் பார்சல் கட்டுவது போல் மடித்து அடியுங்கள். மேல்பக்கம் ஒரு பின்கூடத் தெரியக்கூடாது.

தையல் மெஷின் கையில் இருப்பவர்களுக்கு என் யோசனை: ஸ்டேப்பிளே வேண்டாம், ஓரத்தை மடித்துத் தைத்து உள்ளே நாடா கோத்துவிடுங்கள். பாவாடை நாடா போதும். அடியில் இழுத்து முடிந்தால் உறை இறுகும், அவிழ்த்தால் துவைக்கலாம். தளர்ந்துவிடும் என்று பயந்தால் குறுக்கே இரண்டு இடத்தில் எலாஸ்டிக் பட்டை வையுங்கள்.

வெள்ளி கலர்ல பளபளன்னு ஒரு உறை விக்கிறாங்களே? சூட்டைத் திருப்பி அனுப்புமாமே?

அனுப்பும்தான். அதுதான் இடைஞ்சலும். மேல்பூச்சு சூட்டைத் துணிக்குத் திருப்பும்போது, நீங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் துணி காயும், மெல்லிய துணி பழுக்கும். நீராவி கீழே இறங்க வழியில்லாததால் துணிக்கும் உறைக்கும் நடுவே ஈரம் நிற்கும். வழவழப்பில் சின்னத் துண்டுகள் நழுவும். குயில்ட்டுக்கு அது பெரிய தொல்லை. காடாவில் துண்டு போட்ட இடத்தில் நிற்கும். சமையலறை அலுமினிய ஃபாயிலை மெத்தைக்கடியில் விரிப்பவர்களும் உண்டு. நாலு நாளில் கசங்கிக் கிழிந்து, சரசரவென்று சத்தம் போடுவதுதான் மிச்சம்.

எவ்வளவு உயரம் வைக்கணும்? அரை மணி நேரம் தேய்ச்சா இடுப்பு போயிடுது.

செருப்பில்லாமல் நேராக நின்று கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 அல்லது 5 அங்குலத்தைக் கழியுங்கள். ஐந்தடி இரண்டங்குலம் இருக்கும் பெண்ணுக்கு முழங்கை ஏறக்குறைய 39 அங்குலத்தில் வரும். அப்படியென்றால் பலகை 34, 35 அங்குலம். சமையல் மேடையின் உயரம் சரி என்று மேலே சொன்னது இதனால்தான். வழக்கமான டைனிங் டேபிள் 30 அங்குலம். குனியவைப்பது அந்த நான்கைந்து அங்குலம்தான்.

மேசையை உயர்த்தக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைக்கலாம், ஆனால் கால் நழுவாமல் இருக்கக் கட்டையின் நடுவில் குழி எடுக்கச் சொல்லுங்கள். செங்கல் வேண்டாம், உடையும். அமுக்கித் தேய்க்கும் வேலையில் உடம்பின் எடை கை வழியாக இறங்க வேண்டும். அதனால் பலகை முழங்கைக்கு மேலே போனாலும் தவறு. அப்போது தோள் வலிக்கும். நிற்கும் இடத்தில் மடித்த ஜமக்காளம் ஒன்றைப் போட்டுக்கொண்டால் குதிகாலுக்கு இதம்.

எனக்கு மூட்டு வலி, நிக்க முடியாது. உட்கார்ந்து தேய்க்கலாமா?

தாராளமாக. மெஷினுக்குப் பக்கத்தில், மெஷின் மேசையின் உயரத்திலோ அதைவிட ஒரு அங்குலம் தாழ்வாகவோ ஒரு சின்னப் பலகை வையுங்கள். 12-க்கு 18 அங்குலம் போதும். சுழல் நாற்காலி என்றால் தைத்ததும் திரும்பித் தேய்க்கலாம். குயில்ட் கட்டங்களை, அதாவது துண்டுகளை இணைத்து உருவாகும் சதுரங்களை, தைக்கும்போது ஒவ்வொரு தையலுக்கும் ஒருமுறை தேய்க்க வேண்டியிருப்பதால், மூட்டு நன்றாக இருப்பவர்களுக்கும் இது வசதிதான். பெரிய பலகை மீட்டர் துணிக்கும் முடிந்த வேலைக்கும், சின்னது துண்டுகளுக்கும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

தரையில் உட்கார்ந்து தேய்த்தே பழகியவர்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். தரையிலும் அதே பலகையைப் போடுங்கள். பெட்டியின் வயரைக் காலுக்குக் கீழே ஓடவிடாதீர்கள்.

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் எந்தப் பலகை கணக்கும் பார்க்காம அருமையா தேய்க்கிறாரே?

வண்டியை ஒருமுறை கிட்டப்போய்ப் பாருங்கள். அடியில் கனமான மரப்பலகை, அதன் மேல் சாக்கு, அதன் மேல் பழைய போர்வை அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே வெளுத்த பருத்தித் துணி. தினமும் அமுங்கி அமுங்கி அந்த அடுக்கு பலகையோடு பலகையாக இறுகியிருக்கும், கை வைத்தால் துளிகூட உள்ளே போகாது. நான் மேலே சொன்ன எல்லாம் அங்கே இருக்கிறது. உயரமும் அவருடைய உடம்புக்கு அளந்தது.

அவரிடம் இருக்கும், நம்மிடம் இல்லாத ஒன்று எடை. கரி போட்ட பித்தளைப் பெட்டி பல கிலோ வரும். நம் வீட்டு மின்பெட்டிகளில் பல ஒரு கிலோதான். அதனால் நாம் கொஞ்சம் அமுக்க வேண்டியிருக்கிறது. பலகை கெட்டியாக இல்லாவிட்டால் அந்த அமுக்கலும் வீண்.

பிளக் எங்கே இருக்கணும்? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மெஷினும் பெட்டியும் சேர்த்துப் போடலாமா?

பெட்டியின் பின்பக்கத்தில் வாட் எழுதியிருக்கும், பாருங்கள். நம்மூர் 230 வோல்ட்டில் 1000 வாட் பெட்டி சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டே தாங்கும். 2000 வாட் நீராவிப் பெட்டி 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்தான் வேண்டும். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் மாட்டும் மாற்றியை வாங்கிப் போடாதீர்கள்.

மெல்லிய வயர் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அயர்னை மாட்டினால் வயர் சூடாகும். தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தாலே எச்சரிக்கை. மெஷினுக்கு எக்ஸ்டென்ஷன், அயர்னுக்குச் சுவர் சாக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் பலகையில் வேலை செய்வதால் மூன்றாவது முள், அதாவது எர்த், கட்டாயம் வேண்டும். வலக்கைக்காரர்களுக்குப் பிளக் வலப்பக்கம் இருந்தால் வயர் துணியின் மேல் புரளாது.

நீராவிப் பெட்டி வேணுமா? அதுக்கு போர் தண்ணி ஊத்தலாமா, ஏ.சி. தண்ணி ஊத்தலாமா?

சாதாரணப் பெட்டியும் தண்ணீர் தெளிப்பானும் போதும் என்பது என் கருத்து. இன்னொன்று, துண்டுகளை இணைக்கும்போது நீராவி துணியை இளக்கி இழுபடச் செய்யும். கட்டம் முழுவதும் முடிந்த பிறகு ஈரம் காட்டினால் போதும்.

நீராவிப் பெட்டி வாங்கியாயிற்று என்றால், போர் தண்ணீர் வேண்டாம். உப்பு படிந்து துளைகள் அடைபடும், திடீரென்று வெள்ளைச் சுண்ணாம்புத் துணுக்குகளைத் துணியில் துப்பும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது பெட்டியோடு வந்த கையேட்டில் சொன்ன விகிதத்தில் குழாய்த் தண்ணீரோடு கலந்துகொள்ளுங்கள். ஏ.சி. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் தூசியும் பூஞ்சையும் கழுவி வருவது.

கேன்வாஸ் ஒட்டும்போது பசை உறையில ஒட்டிக்குது. அப்புறம் எல்லாத் துணியிலயும் ஏறுது.

துணியை விறைப்பாக்க உள்ளே ஒட்டும் கேன்வாஸ், காலர் பக்ரம் வேலைக்கென்று ஒரு பழைய பருத்தித் துணியைத் தனியாக வையுங்கள். பலகை மேல் அதை விரித்து, துணி, பசைப்பக்கம் கீழாகக் கேன்வாஸ், அதன் மேல் இன்னொரு மெல்லிய துணி என்று சாண்ட்விச் மாதிரி வைத்துத் தேய்த்தால் பசை உறைக்கும் போகாது, பெட்டிக்கும் போகாது. பசைப்பக்கம் எது என்று சந்தேகமா? வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாக மின்னும். பெட்டியை இழுக்காமல், ஒரே இடத்தில் வைத்து எடுங்கள்.

உறையில் பசை ஏறிவிட்டால் துவைத்தால் போகாது. மாற்றிவிடுங்கள். காடா ஒன்றும் தங்கத் துணி இல்லை.

கஞ்சி போட்டுத் தேய்ச்சா உறையில பழுப்புக் கறை. கரப்பான் வேற வருது!

கஞ்சி குயில்ட் துணிக்கு நல்லதுதான். துணி விறைப்பாக இருந்தால் வெட்டும்போது நகராது. கறை வருவது ஈரமாக இருக்கும்போதே பெட்டியை வைப்பதால். கஞ்சி போட்டதைத் துணிக்குள் ஊற விட்டு, முக்கால் பாகம் காய்ந்த பிறகு தேய்த்தால் உறையில் அதிகம் இறங்காது. அரிசிக் கஞ்சி என்றால் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு பருக்கைத் துணுக்கு போதும், பெட்டியில் கருகி ஒட்ட.

கரப்பானுக்குக் கஞ்சி விருந்து. உறையை மாதம் ஒருமுறையாவது துவைத்துப் போடுங்கள். நாடா கட்டிய உறையை நான் விரும்புவதற்கு இதுவும் காரணம்.

கட்டிங் மேட்டும் அயர்ன் பலகையும் ஒரே மேசையில இருக்கலாமா? இடமே இல்ல.

இருக்கலாம், ஆனால் மேட்டின் மேல் தேய்க்கக்கூடாது, சூடான பெட்டியை அதன் அருகில் நிமிர்த்தியும் வைக்கக்கூடாது. ரோட்டரி கட்டர் என்னும் உருளும் வட்டக் கத்தியால் வெட்டுவதற்கான மேட் சூடு பட்டால் அலையாக வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்த முடியாது. பலகையின் ஒரு முகத்தில் மெத்தையும் உறையும், மறுமுகம் வெறுமனே என்று விட்டால், திருப்பிப் போட்டு அதன் மேல் மேட்டை வைத்து வெட்டலாம். தேய்த்த உடனே திருப்பாதீர்கள், சூடு ஆறட்டும். இந்த ஏற்பாட்டுக்கு அடிப்பக்கம் ஸ்டேப்பிளோ முடிச்சோ மேடாக நிற்கக்கூடாது. உறையின் ஓரம் கட்டிங் மேட்டின் அளவுக்கு வெளியே முடியும்படி பாருங்கள்.

பிளவுஸ் கை, தோள், கப் எல்லாம் வளைவு. தட்டைப் பலகையில எப்படி?

பூரிக்கட்டை ஒன்றைத் தேடுங்கள். பழைய கம்பளித் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே காடாவைத் தைத்துவிட்டால் கைக்குள் நுழைக்கும் உருளை தயார். உருண்ட தளத்தில் தையல் மட்டுமே பெட்டியைத் தொடும், ஓரங்கள் விலகி நிற்கும். அதனால் மேல்பக்கம் கோடு விழாது. கப் வளைவுக்கும், உடம்பின் வடிவத்துக்காகப் பிடிக்கும் கூம்பு மடிப்பான டார்ட்டுக்கும் முட்டை வடிவில் ஒரு திண்டு தைத்து, மரத்தூளை இறுக்கி அடையுங்கள். தச்சுப் பட்டறையில் கேட்டால் மரத்தூள் கிடைக்கும், வெயிலில் காயவைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். பஞ்சு அடைத்தால் அமுங்கும். கட்டில் மெத்தைக்குச் சொன்ன அதே குறை.

ஆரி வேலை செஞ்ச பிளவுஸ், பட்டு எல்லாம் இந்தக் கெட்டிப் பலகையில தேய்க்கலாமா?

மெல்லிய மெத்தை வேண்டும் என்று இதுவரை சொன்னதற்கு இது ஒரு விலக்கு. மணி, ஜமிக்கி, கனமான எம்பிராய்டரி உள்ள துணிக்குப் பலகை மேல் தடிமனான டர்க்கி டவலை மடித்துப் போடுங்கள். வேலைப்பாடு கீழ்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து, பின்புறத்திலிருந்து மெதுவாக அமுக்குங்கள். மணிகள் டவலின் சுருள்களுக்குள் இறங்கிக்கொள்ளும், நசுங்காது. பிளாஸ்டிக் ஜமிக்கி சூட்டில் சுருங்கும் என்பதால் முதலில் ஓரத்தில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்.

பட்டுக்கு மிதமான சூடு, நடுவே ஒரு மெல்லிய பருத்தித் துணி, பின்பக்கத்திலிருந்து. தண்ணீர் தெளிக்காதீர்கள், சொட்டு விழுந்த இடம் வட்டமாகத் தெரியும்.

மார்க் பண்ண கோடு தேய்ச்சதும் மறையுது, சிலது நிரந்தரமா பதியுது. பலகைதான் காரணமா?

பலகை இல்லை, சாக். மெழுகு கலந்த சாக் சூட்டில் உருகித் துணிக்குள் இறங்கும், எண்ணெய்க் கறை போல் நிற்கும். தேய்ப்பதற்கு முன் துலக்கி எடுங்கள். சூட்டில் அழியும் ஃப்ரிக்‌ஷன் பேனாவின் மை சுமார் 60 டிகிரியில் நிறம் இழக்கிறதே தவிர, துணியிலேயேதான் இருக்கிறது. கடும் குளிரில் கோடு திரும்பத் தெரியும். ஊட்டிக் குளிருக்கெல்லாம் வராது. போர்வையைக் குளிர்நாட்டுக்கு அனுப்புகிறவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். உறையின் மேலேயே அளவுக் கோடு வரைய ஆசைப்படுபவர்களுக்கும் இதுதான் பதில்: வரையாதீர்கள். வேண்டுமென்றால் ஓரத்தில் வெள்ளை நூலால் அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டுக்கொள்ளுங்கள்.

தையல் ஓரம் கால் அங்குலம் சரியா விட்டுத்தான் தைக்கிறேன். ஆனா கட்டம் அரை அங்குலம் குறையுது. ஏன்?

பெரும்பாலும் தேய்ப்பதில்தான் இருக்கிறது. தையல் ஓரத்தை ஒரு பக்கம் சாய்க்கும்போது, மேல்பக்கத்தில் தையலை ஒட்டி மெல்லிய மடிப்பு ஒன்று தங்கிவிடும். நகத்தால் தையலின் குறுக்கே வருடிப் பாருங்கள், படி போல் தட்டும். ஒரு தையலுக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அப்படி ஒளிந்துகொண்டாலும், எட்டுத் தையல் உள்ள வரிசையில் அரை அங்குலம் காணாமல் போகும்.

முதலில் தைத்த இரண்டு துண்டையும் பிரிக்காமல், தைத்தபடியே வைத்து நூலின் மேல் ஒருமுறை அமுக்குங்கள். நூல் துணிக்குள் அமரும். பிறகு அடர்நிறத் துண்டு மேலே இருக்கும்படி பலகையில் வைத்து, அதை விரலால் விரித்து, பெட்டியின் ஓரத்தைத் தையல்வரை தள்ளி அமுக்குங்கள். தையல் ஓரம் தானாக அடர்நிறத்தின் பக்கம் சாயும். வெளிர்த் துணியின் வழியாகக் கறுப்பு ஓரம் தெரியாது. கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய முக்கோணங்களில் பெட்டியை நகர்த்தவே கூடாது. வை, எடு, அடுத்த இடத்தில் வை. இழுத்தால் முக்கோணம் படகாகிவிடும்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் குறைகிறதென்றால் மெத்தையைச் சந்தேகியுங்கள். அமுக்கிய இடத்தில் பெட்டியின் உருவம் குழியாகத் தெரிந்தால் அடுக்கு அதிகம், ஒன்றை உருவிவிடுங்கள்.

இரட்டைக் கட்டில் அளவு குயில்ட்டோட மேல்துணி முடிஞ்சிருச்சு. இந்த நாலடிப் பலகையில அதை எப்படித் தேய்க்கிறது?

துணியின் எடையைப் பலகைக்கு வெளியே தாங்க வையுங்கள். இடப்பக்கம் ஒரு நாற்காலி, எதிரே ஒரு மேசையோ கட்டிலோ, பலகைக்கு இணையான உயரத்தில். தாங்கல் இல்லாமல் தொங்கினால் தன் எடையிலேயே தையல்கள் இழுபட்டு அலையாகும். முதலில் பின்பக்கம்: தையல் ஓரங்கள் எங்காவது புரண்டிருந்தால் அங்கேயே திருத்துங்கள். பிறகு முன்பக்கம், நடுவிலிருந்து வெளியே. தேய்த்த பகுதியை மடிக்காமல் எதிர் மேசையின் மேல் நழுவ விடுங்கள்.

இதை உள்ளே பஞ்சு ஷீட் வைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பாலியஸ்டர் ஷீட் வைத்துத் தைத்த பிறகு சூடு காட்டினால் உப்பல் போய்த் தட்டையாகிவிடும், அதிகச் சூட்டில் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பருத்தி ஷீட் என்றால் ஓரப்பட்டையை மட்டும் தேய்க்கலாம்.